தேனருவிக்கு நாற்பது அம்மா

சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சுகந்தி தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்ததற்கும், எடை போதாத பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியதற்கும் சேர்த்து அவ்வளவு. அவளும் அவள் புருஷன் தங்கராசும் ராசிபுரத்துப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மாவு காயப்போடுகிறவர்கள். அந்தக் கூலியில் அந்தக் கடனை அடைப்பதற்குள் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிடும்.

இந்தக் கடனுக்கும் நாமக்கல் லாரி டிரைவர் நல்லசிவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சுகந்தி கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கடனுக்கு வட்டி சுமந்தவர்களில் அவரும் ஒருவர். எப்படி என்று கேட்டால் முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆளில்லாத லாரிகள் வந்த காலம் ஒன்று இருந்தது. வந்த சுருக்கில் போயும்விட்டன. மலை ரோட்டில் ஒரு வெள்ளாடு நடுவில் படுத்து அசைபோட, அதற்குப் பின்னால் வந்த லாரிகளெல்லாம் ‘உயிர் குறுக்கே இருக்கிறது’ என்று மரியாதையாக அரை நாள் நின்றனவாம். இறங்கிப் போய் ‘ச்சூ’ சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆகவே டிரைவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய தூக்கமும் திரும்பி வந்தது.

அப்போதுதான் ‘விழித்துணை’ என்றொரு கம்பெனி, உலகத்திலேயே விழிப்பான ஜீவன் எது என்று தேடிப் பிடித்தது. நாயுமில்லை, நரியுமில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பக்கத்தில் இடி விழுந்தாலும் அசந்து தூங்குவாள். பிள்ளை தொட்டிலில் புரண்டால் எழுந்து உட்காருவாள். அந்த விழிப்பை ஒருத்தியின் தலையிலிருந்து படி எடுத்து, தொப்பிக்குள் வைத்து, டிரைவர் தலையில் மாட்டினால்?

ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வழியில்லாமல் கிடந்த சுகந்தியிடம் வந்தார்கள். “தலையில இந்த வலையை மாட்டிக்கிட்டுப் பிள்ளையோட இருந்தாப் போதும்மா. எதையும் எடுக்க மாட்டோம். படி மட்டும்தான். பில்லை நாங்க கட்டிடறோம்.” சுகந்தி கையெழுத்துப் போட்டாள். கடன் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. படி சரியாக அமைந்தால் அது கடன் இல்லை. அமையாவிட்டால் கடன்தான் என்று காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்ததால் அதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

கம்பெனி வைத்த பேர் விழிப்புக் கவசம். லாரிப்பேட்டை வைத்த பேர் அம்மாத் தொப்பி. முதல் தவணையாக நாற்பது டிரைவர்களுக்குக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டால் பேட்டா இரட்டிப்பு என்றதும் நல்லசிவம் ஐம்பத்திரண்டு வயதிலும் வரிசையில் முண்டியடித்து வாங்கினார்.

தொப்பி வேலை செய்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. சாப்பிட்ட மயக்கத்தில் கண் செருகும் பின்மதியத்திலும் நல்லசிவத்தின் காது விறைத்து நின்றது. டயர் இடுக்கில் கல் சிக்கியது கேட்டது. முன்னால் போகிறவன் பிரேக்கை நினைக்கும்போதே இவர் கால் பிரேக்குக்குப் போனது. நாற்பது வண்டியில் ஒன்றுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் சாவியைக் காணோம். சாவி வண்டியிலேயே தொங்கும். இவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு டீக்கடையை மூன்று சுற்றுச் சுற்றுவார். டீயைக் குடித்தோமா இல்லையா என்று மறந்து இன்னொரு டீ சொல்வார். வானம் இருண்டால் கொடியில் துணி காய்கிறதே என்று பதறுவார். எந்தக் கொடி, யார் துணி? தெரியாது. குமாரசாமி என்கிற இளவட்டம் நாக்பூருக்கு அந்தப் பக்கம் தூறல் விழுந்ததைப் பார்த்து, பாதி வழியில் வண்டியை ஊருக்கே திருப்பிவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலே பால் நேரம் என்று ஒன்று வரும். நெஞ்சு கட்டி நெரிக்கும். நாட்டின் நாற்பது மூலைகளில் நாற்பது லாரிகள் ஓரங்கட்டி நிற்க, பெரிய மீசைக்காரர்கள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு வேளையில் குஜராத் ரோட்டில் ஓரங்கட்டிய நல்லசிவம் வீட்டுக்குப் போன் போட்டார்.

“சரசா, பாலு குடிச்சிருச்சா?”

அவர் மனைவி சரசாள் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். “எதுங்க?”

“பாப்பா.”

“எந்தப் பாப்பா?”

“தெரியல அம்மிணி. வெசனமா இருக்குது” என்று வைத்துவிட்டார்.

சரசாள் அடுப்பைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டே இராத கேள்வி அது. மகன் செந்தூரன் பிறந்தபோது நல்லசிவம் அசாமில் இருந்தார். மகன் தவழ்ந்தது, நடந்தது, அம்மை போட்டது எல்லாம் அவருக்குப் போனில்தான் நடந்தது. ஊருக்கு வந்த நாட்களிலும் பிள்ளையைக் கையில் கொடுத்தால் “கழுத்து நிக்கட்டும்” என்பார். கழுத்து நின்றதும் “நடக்கட்டும்” என்பார். நடக்க ஆரம்பித்ததும் லோடு வந்துவிடும். ஆனால் கைப்பிள்ளைக்காரி குழம்பில் உப்புப் போட மறந்தால் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு, “மூளைய எங்கடி அடகு வெச்ச?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். தெரு சிரிக்கும். சரசாளும் சேர்ந்து சிரித்ததுண்டு. சிரித்துக்கொண்டே மனசுக்குள் அதை அவர் பேரில் பற்று எழுதினாள்.

அந்த மனுஷன் இப்போது பால் குடித்ததா என்கிறார்.

லோடு இறக்கிவிட்டு ஊர் வந்த நல்லசிவம் குளியலறையில் பாடினார். அவருக்குப் பாட்டு வராது. இது வந்தது:

“ஆழாக்கு ஒசரத்து அருவி, என்ற தேனருவி, அழுதா யாருக்குப் பொறுக்கும்...”

இடுப்பில் துண்டோடு கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு சரசாள் நின்றாள்.

“எந்த ஊர்லீங்க தொட்டில் கட்டியிருக்கறீங்க?”

“சத்தியமா எனக்குத் தெரியாது அம்மிணி!”

“கட்டுனவருக்கே தெரியலையா? அத்தனை ஊர்லயா கட்டியிருக்கறீங்க?”

மறுநாள் காலையில் சட்டைப் பித்தான் போட விடாமல் அவரைக் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மீனலோசனி என்று ஒரு பெண். மூளை படித்தவள், தொப்பியைச் செய்த கூட்டத்தில் ஒருத்தி, இன்னும் கல்யாணம் ஆகாதவள். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“அண்ணன் மேல தப்பில்லைங்க அக்கா. இது தொப்பி பண்ற வேலை.”

“தொப்பி புள்ளையுமா பெத்துக் குடுக்கும்?”

மீனலோசனி சிரிப்பை விழுங்கினாள். “உங்க வீட்ல முருங்கை மரம் இருக்குங்களா?”

“இருக்குது. அதுக்கென்ன?”

“கவாத்துப் பண்ணுவீங்கல்ல? கண்ட கிளையையும் வெட்டி விட்டாத்தானே காய் பிடிக்கும்? பிள்ளை பெத்தவங்க மூளையிலயும் அந்த மாதிரி ஒண்ணு நடக்குது. சில இடம் கொஞ்சம் சுருங்கும். பாக்கறதுக்கு நட்டம் மாதிரி இருக்கும். ஆனா மிச்சக் கிளையெல்லாம் பிள்ளை பக்கமாப் பாயும். அது முகம் சுளிச்சா பசியா, வலியான்னு புரியும். அதுக்குப் பதிலா சாவி எங்க வெச்சோம்னு மறக்கும்.”

“உப்பு?” என்றாள் சரசாள் வெடுக்கென்று.

“என்னங்க அக்கா?”

“கொழம்புல உப்பு போட்டமா இல்லையாங்கறது?”

“அதுவும்தான் மறக்கும்.”

சரசாள் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். நல்லசிவம் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

“செரி, அதென்ன தேனருவி?”

மீனலோசனியின் முகம் மாறிவிட்டது. “அந்தப் பேர் எப்படி வந்துச்சு? பேரெல்லாம் வரக் கூடாதே! நாங்க விழிப்பை மட்டும்தானே எடுத்தோம்...” பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “விழிப்பு தனியா வராது போல இருக்கு. யாருக்காக முழிச்சிருந்தாங்களோ அவங்களையும் கூடக் கூட்டிக்கிட்டு வந்திருச்சு.”

யாருடைய பிள்ளை என்று மட்டும் அவள் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இடமில்லை என்றாள்.

லாரிக்காரர்களுக்கு ஒப்பந்தம் எதற்கு? ஜவ்வரிசி மூட்டை ஏற்றப் போன குமாரசாமி, ஆலைக் களத்தில் எவளோ “தேனருவீ...” என்று கூப்பிட்டதைக் கேட்டதும் கையிலிருந்த தார்ப்பாயைத் தொப்பென்று போட்டான். வேப்பமரத்தில் சேலைத் தூளி. தூளிக்குள் ஒரு ஜோடிக் கண். அவன் அங்கேயே குந்தி அழுதுவிட்டு எல்லோருக்கும் போன் போட்டான்.

அந்த வாரமே, லோடில்லாத டிரைவர்கள் ஒவ்வொருவராக ஆலை லைன் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். சரசாளோடு நல்லசிவம் போனபோது தங்கராசு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒடிசலான ஆள். முகத்தில் மூன்று நாள் குழப்பம்.

“யாருங்க நீங்க?”

“நானுங்களா... நா வந்து... பாப்பாவோட...” நல்லசிவம் மீசையைத் தடவினார்.

“அம்மாங்களா?” என்றான் தங்கராசு சலிப்போடு. “உள்ள போங்க. காலையில இருந்து நீங்க ஆறாவது அம்மா.”

உள்ளே சுகந்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரசாள் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“என்ற வெசனத்த நாப்பது பேருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. செரிங்க்கா. அப்புறம் ஏன் எனக்கு மட்டும் குண்டுமணியளவும் கொறையல?”

சரசாள் சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது. “கொடுங்க அம்மிணி, ஒரு தரம்” என்று கை நீட்டினார் நல்லசிவம். கழுத்து இன்னும் சரியாக நிற்காத பிள்ளை. சரசாளின் சிரிப்பு நின்றது. தலைக்கு அடியில் விரலை விரித்துக் கொடுத்து, முழங்கையில் உடம்பைத் தாங்கி, ஏதோ ஒன்பது பிள்ளை பெற்றவர் மாதிரி அவர் வாங்கிக்கொண்டதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

இதற்குள் கம்பெனி விழித்துக்கொண்டது. சரக்கெல்லாம் பால் நேரத்துக்கு நின்று நின்று போனால் வியாபாரம் என்னாவது? தொப்பியைத் திருத்தினார்கள். விழிப்பு அப்படியே இருக்கும், பிள்ளை மட்டும் இருக்காது. மூத்த டிரைவர் என்று நல்லசிவத்தைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் ஒரு பொய் லாரி. எதிரே திரையில் பொய் ரோடு. வெளியே கோட்டுப் போட்ட அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நல்லசிவம் புதுத் தொப்பியை மாட்டி, பொய் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார்.

ரோட்டில் நாலாவது வளைவு வருவதற்குள் குறட்டை விட்டார். வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, அதிகாரிகளின் கண்ணாடியெல்லாம் அதிரும்படி.

மீனலோசனி ஓடிவந்து எழுப்பினாள். “என்னண்ணா ஆச்சு? எதுவும் கேக்கலையா?”

“எல்லாங் கேட்டுதுங்க அம்மிணி. எறும்பு நடந்தாக்கூட கேட்டுது. ஆனா ஒண்ணுகூட எனக்கு வேண்டப்பட்ட சத்தமா இல்ல. முழிச்சிருந்து யாருக்கு ஆகப்போகுதுன்னு தோணுச்சு. அசந்துட்டேன்.”

அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நல்லசிவம் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, நல்ல தூக்கம் என்ற திருப்தியோடு வீடு வந்தார். நாற்பது தொப்பிகளையும் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துச் சுகந்தி சரசாளுக்குப் போன் பண்ணினாள். படி பழுது என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். சித்திரை முடிவதற்குள் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி வந்து வலையை மாட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை பிள்ளை கூட இருக்கக் கூடாது. ஒரு மாதம் அவள் கம்பெனிக் கட்டிடத்தில் தனியாக, பிள்ளை வீட்டில்.

“கலப்படம் இல்லாத முழிப்பு வேணுமாங்க்கா அவங்களுக்கு.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் சரசாள். நல்லசிவம் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“நா கொறட்டை விட்டதுக்கு அந்தப் புள்ள பால் மறக்கணுமா?” என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. லாரிப்பேட்டையில் போய்ச் சொன்னார். அங்கேயும் யாரும் சாப்பிடவில்லை. ஒருத்தன் கம்பெனிக் கதவை லாரியால் இடிக்கலாம் என்றான். இன்னொருத்தன் பணம் வசூல் பண்ணிக் கொடுப்போம் என்றான். அதைக் கேட்டுவிட்டுச் சுகந்தி சொல்லி அனுப்பினாள்: “ஒரு கடனை அடைக்க நாப்பது பேருக்குக் கடனாளி ஆவ முடியாதுங்க. பிச்சைக் காசும் வேண்டாம்.”

இந்த இடத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். சரசாள்தான் வழி கண்டுபிடித்தாள்.

“காது குத்துங்க.”

“என்னது?”

“புள்ளைக்குக் காது குத்துங்க. விருந்து வெச்சா மொய் வரும். மொய்யை எவ வேண்டாங்கப் போறா? அது பிச்சையா, கடனா? முறை.”

காதுகுத்து என்றதும் அடுத்த சண்டை கிளம்பியது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். சுகந்திக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது.

“நா உக்காரறேன்” என்றான் குமாரசாமி.

“நீ எப்படிடா உக்காருவ?” என்று பாய்ந்தார் நல்லசிவம். “நீ அம்மா. அம்மா மடியில வெச்சுக் காது குத்தற பழக்கம் எந்த ஊர்ல இருக்குது?”

“அண்ணா, அப்படிப் பாத்தா நீங்களும் அம்மாதான்.”

“நா இல்லைன்னா சொன்னேன்?”

சரசாள் தலையில் அடித்துக்கொண்டாள். “மீசை வெச்ச அம்மாக்களா, கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க அம்மான்னா உங்க கூடப்பொறந்தவன் அந்தப் புள்ளைக்கு யாரு?”

எல்லோரும் ஒரே நேரத்தில் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் போன் போட்டார்கள்.

சித்திரைக் கடைசி முகூர்த்தத்தில் ஆலைக் களத்தில் பந்தல் போட்டார்கள். மாவு காய்கிற இடத்தில் பாய் விரித்தார்கள். நாற்பது அம்மாக்களும் வேட்டி சட்டையில் வந்தார்கள். அவர்கள் கூடப்பிறந்த தாய்மாமன்கள், என்ன ஏதென்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும், தேங்காய் பழம் பட்டுப்பாவாடை என்று சீர்த்தட்டோடு வந்தார்கள். தாய்மாமன் கூட்டத்துக்கே பந்தி பற்றவில்லை. யார் மடி என்பதற்குச் சீட்டுக் குலுக்கி, இடது காது ஒரு மாமனுக்கு, வலது காது ஒரு மாமனுக்கு என்று பங்கு பிரித்தார்கள். மற்ற மாமன்கள் பிள்ளையின் சுண்டுவிரலைத் தொட்டுக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை ‘வீல்’ என்றது. அவ்வளவுதான், தொப்பியில்லாத நாற்பது தலைகளும் குனிந்தன. நாற்பது ஆண்கள் விக்கி விக்கி அழுதார்கள். குமாரசாமி ஆசாரியின் கையைப் பிடித்துத் தள்ளப் போனான்.

“எல்லாரும் சும்மா இருங்க!” என்று கத்தினாள் சுகந்தி. “நீங்க அழுவறதப் பாத்துத்தான் புள்ள பயப்படுது!”

பந்தல் மூலையில் மீனலோசனி நின்றிருந்தாள். கம்பெனிக்குத் தெரியாமல் வந்திருந்தாள். அழுகிறவர்களைப் பார்த்துவிட்டு நல்லசிவத்திடம் வந்தாள். “அண்ணா, தொப்பியை வாங்கி இவ்வளவு நாள் ஆச்சே. இன்னுமா போகலை?”

“அதைத்தான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன் அம்மிணி. எப்பப் போகும்?”

“பெத்தவங்களுக்கு வருஷக்கணக்கா இருக்குங்கறாங்க. உங்களுக்குத் தெரியலை. நீங்க வாரா வாரம் இங்க வந்து பாப்பாவைத் தூக்கி வெச்சுக்கறீங்கல்ல, அதனாலகூட நிக்கலாம்.” கொஞ்சம் தயங்கினாள். “நிஜத்தைச் சொன்னா, இதுக்குத் தொப்பியே தேவையில்லைங்கண்ணா. பிள்ளையைத் தூக்கி, குளிப்பாட்டி, தூங்க வெச்சுப் பாத்துக்கிட்ட ஆம்பளைங்களுக்கும் மூளை கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் திரும்பும். பெத்தவளுக்குச் சீக்கிரம் திரும்பும். மத்தவங்களுக்குத் தூக்கத் தூக்கத் திரும்பும்.”

“வெறுமனே தூக்குனாப் போதுமா?”

“போதும்.”

பக்கத்தில் பாக்கு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த சரசாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் கை அடுக்குவதை நிறுத்தியிருந்தது.

பந்தல் வாசலில் தங்கராசு மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளையார் சுழி போட்டாயிற்று. முதல் ஆளாகக் குமாரசாமி தட்டில் பணம் வைத்தான்.

“பேர், ஊர் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“எழுதணுங்க. நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க திருப்பிச் செய்யோணுமில்ல?”

“பெத்தவ எவளாச்சும் சொந்தப் புள்ளைக்கு மொய் எழுதுவாளாங்க?” என்று கேட்டுவிட்டுக் குமாரசாமி பந்திக்குப் போய்விட்டான்.

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவர் திட்டியேவிட்டார். தட்டு நிறைந்து, துண்டில் கட்டி, இன்னொரு தட்டு வைத்தார்கள். நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே ஓர் எழுத்து ஏறவில்லை. யாருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று எவர் பேரும் இல்லாத மொய்யை அந்த வட்டாரம் அதுவரை பார்த்ததில்லை. சுகந்தி அந்த வெள்ளைப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். கடனாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கெடு நாள் என்பதால் கம்பெனியின் வசூல்காரர் பெட்டியோடு பந்தலுக்கே வந்துவிட்டார். முதலில் அவரைச் சாப்பிட வைத்தார்கள். பிறகு டீசல் வாசமடிக்கும் நோட்டுகளை முன்னால் கொட்டினார்கள். அவர் எண்ணி முடித்து ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

“யார் பேர்ல போடட்டும்?”

“அம்மா பேர்ல போடுங்க” என்றான் தங்கராசு.

“குழந்தையோட அம்மா யாருங்க?”

பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள், கை கழுவிக்கொண்டிருந்தவர்கள், பீடிக்கு ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். “நாந்தாங்க!”

வசூல்காரர் பேனாவைப் பிடித்தபடி பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பத்திரம் எழுதிப் பழகிய பழைய ஆள். ‘தேனருவி அம்மா வகையறா’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கம்பெனிக் கடன் அத்தோடு முடிந்தது.

வீட்டுக் கடன் ஒன்று பாக்கியிருந்தது. அதை நல்லசிவம் அறிவார். வண்டியில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது சரசாள் சொன்னாள்.

“தூக்குனாலே வந்திருக்குமாம்.”

“ம்.”

“காசு பணம்கூட வேண்டாமாம்.”

“கேட்டேன் சரசா.”

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

ஆடி பிறந்தபோது நல்லசிவத்துக்குப் பெங்களூர் லோடு. காலையில் கிளம்புகிற நேரத்தில் சரசாளின் போன் ஸ்பீக்கரில் செந்தூரன் வந்தான். ஓசூர் கம்பெனியில் வேலை, ஒற்றை அறையில் வாசம். அம்மாவோடுதான் பேசுவான். அப்பா பக்கத்தில் இருந்தால் “ம்” போடுவான்.

“எப்படிக் கண்ணு இருக்கற?”

“நல்லாருக்கேன்மா.”

சட்டை மாட்டிக்கொண்டிருந்த நல்லசிவத்தின் கை பித்தானில் நின்றது. தலையில் தொப்பியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எட்டு எடுத்து வைத்துப் போனை வாங்கினார்.

“செந்தூரா, காய்ச்சலா?”

“எப்படிப்பா தெரியும்?”

போனைச் சரசாளிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

மறுநாள் காலையில் மறுபடி செந்தூரன் கூப்பிட்டான். “அம்மா, அப்பா நேத்து மத்தியானமே இங்க வந்துட்டாரு. நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. ஈரத்துணி போட்டாரு. கஞ்சி வெச்சாரு. நா புரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறாரு. என்னம்மா ஆச்சு அவருக்கு?”

“கஞ்சி எப்படி இருந்துச்சு?”

“வாயில வெக்க முடியலம்மா. உப்பே இல்ல. போட மறந்துட்டாராம். இப்ப வண்டிச் சாவியக் காணோம்னு கட்டிலுக்கு அடியில தேடிட்டிருக்காரு.”

சரசாள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அப்படியே சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்தும் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

“மூளைய எங்க அடகு வெச்சீங்கன்னு உங்கப்பனைக் கேளு.”

“என்னம்மா?”

“கேளு சாமி. பதில் சொல்ல வேண்டாம். இருபத்தாறு வருசக் கடன் தீந்துதுன்னு அம்மா சொல்லுச்சுன்னு சொல்லு, போதும்.”